ஏழு மணிக்கு மாறிய வகுப்பு

“ஆறு மணிக்கு வகுப்பு வெச்சவன் ஒரு நாளாவது பஸ்ஸுல வந்திருக்கானா?”

தினமும் மாலையில் இதைச் சொல்லித்தான் ஒதிலியா வீட்டைப் பூட்டுவாள். எதிர்வீட்டில் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கும் எனக்குக் காது புளித்துவிட்டது. “அதை அவனைக் கேளுடி, என் கிழங்கையா கேக்கற?” என்பேன்.

ஒதிலியாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. காலையில் தெருமுனையில் அரேபா பொரிப்பாள். மாலையில் பல்கலைக்கழகத்தில் சமூகப்பணிப் படிப்பு. அரேபாவுக்குச் சோளமாவு வட்டம் எண்ணெயில் உப்பியதும் ஓரத்தைக் கீறி, முட்டையை உள்ளே ஊற்றி, மறுபடி பொரிக்க வேண்டும். அவள் கையில் ஒரு சொட்டு சிந்தாது. வாயிலிருந்துதான் எல்லாம் சிந்தும். மழை பிடித்தால் எங்கள் பர்ரங்கியா நகரத்தில் தெருவே ஆறாக ஓடும், பஸ் நின்றுவிடும். அன்றைக்கு அவள் திட்டுவதைப் பாதிரியார் கேட்காமலிருப்பது நல்லது.

பிறகு பேராசிரியை ஹிமேனா வந்தாள். வயதான பின் படிக்க வருகிறவர்கள் ஏன் பாதியில் நிற்கிறார்கள் என்று ஆராய்ச்சி. உங்களை ஆராயப் போவதில்லை, உங்களோடு சேர்ந்து ஆராயப் போகிறேன் என்று சொல்லி, ஒதிலியாவையும் இன்னும் சிலரையும் ஆராய்ச்சிக்காரர்களாகவே சேர்த்துக்கொண்டாள். அதற்கப்புறம் ஒதிலியாவின் கால் தரையில் பாவவில்லை. டாக்ஸி ஓட்டுகிற மாணவர், தையல்கார மாணவி என்று ஒவ்வொருவராகக் கடைக்கு வரவழைப்பாள். அரேபாவைக் கையில் கொடுத்த பிறகுதான் கேள்வி. வாய் நிறைய தீனி இருக்கிறவனுக்குப் பொய் வராதாம். அவர்கள் சொன்னதை அவர்களிடமே திருப்பிச் சொல்லி, “சரியாத்தானே சொன்னேன்?” என்று கேட்காமல் அனுப்ப மாட்டாள். பழக்கம் முற்றிப்போய், நான் உப்புக் கேட்டால்கூடத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தாள்.

எல்லாரும் சொன்னது ஒன்றுதான். வேலை முடிந்து ஆறு மணிக்கு வந்து சேர முடியவில்லை, வருகை குறைகிறது, பாடம் போகிறது.

ஆராய்ச்சிக் கூட்டம் வியாழக்கிழமை மாலையில். அதே நேரத்தில் ஒதிலியாவுக்குப் புள்ளியியல் வகுப்பு. கூட்டமும் பல்கலைக்கழக வேலைதானே, வருகையில் சேர்ந்துவிடும் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். அப்படியொரு வகுப்பு இருப்பதே ஹிமேனாவுக்குத் தெரியாது. பருவக் கடைசியில் வருகை போதாதென்று பாடம் போனது, அதோடு கட்டணச் சலுகையும் போனது; முழுக் கட்டணம் கட்ட அவளிடம் பணமில்லை. வருகை குறைந்துதான் எல்லாரும் நிற்கிறார்கள் என்று கண்டுபிடித்தவளே வருகை குறைந்து நின்றாள். படித்தவர்கள் கூடினால்தான் இப்படித் தப்புச் செய்ய வரும்.

ஹிமேனா அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினாள். விதி விதிதான் என்றார்கள். எங்கள் தெருவுக்கு வந்து அழுதாள். ஒதிலியா அவளுக்குச் சூடாக ஒரு அரேபா கொடுத்துவிட்டுச் சொன்னாள்: “ஊரையே கேட்டோம் மகளே. வியாழக்கிழமை எனக்கு என்ன வகுப்புன்னு நீ கேக்கல. நானும் வாயத் திறந்து சொல்லல.”

இந்த ஆண்டிலிருந்து வகுப்பை ஏழு மணிக்கு மாற்றிவிட்டார்கள். ஆராய்ச்சி அறிக்கையில் ஒதிலியாவின் பெயரும் இருக்கிறது. அதை ஊறுகாயா போடுவது என்கிறாள்.

இப்போது மாலையில் பல்கலைக்கழக வாசலிலேயே கடை போடுகிறாள். அந்தப் பக்கம் போனால் அவளைப் போய்ப் பாருங்கள். வகுப்பு விட்டபின் போங்கள். ஏழுக்கு முன்னால் வியாபாரம் சூடு பிடிக்கும் நேரம்தான்; ஆனாலும் தலை நரைத்த ஒருவர் தோளில் புத்தகப் பையோடு பசிக்கிறது என்று வந்து நின்றால், அடுப்பைத் தணித்து, சட்டியைத் தட்டால் மூடிவிட்டு, வகுப்புக்கு நேரமாச்சென்று கரண்டியை வாசல் பக்கம் நீட்டுவாள்.