நடுவில் குழிந்த கோடு

டிராயிங் சார் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டார். பேப்பரை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“இது நேரா இருக்கா வே?”

நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். “நடுவில கொஞ்சம் குழிஞ்சிருக்கு சார்.”

வகுப்பே சிரித்தது. சார் மட்டும் சிரிக்கவில்லை.

இது போன மாதம் நடந்தது. அன்றிலிருந்து சரியான தூக்கம் இல்லை. முன்பு மட்டும் தூங்கினாயா என்று கேட்பீர்கள். வாராவாரம் பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு என் கவலைகள் தெரியும். கிணற்றுக் கைப்பிடிச்சுவர், பஸ்ஸின் பிரேக், பக்கத்து வீட்டுத் தென்னை எங்கள் ஓட்டின் மேல் சாய்ந்திருப்பது… இரண்டாம் பாரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கப் போனவன் நான். இப்போது புரூஃப் பார்க்கிறேன். பிழை எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கே சம்பளம் வாங்குகிறவனுக்கு வேறு எப்படிப் புத்தி போகும்?

“சும்மா கெடந்து யோசிக்கதுக்கு கையால எதையாவது செய்யுங்களேன்” என்று வீட்டுக்காரி ஒரு நாள் சொன்னாள். அப்படித்தான் கோட்டாற்றில் ஞாயிறு சாயங்காலம் நடக்கும் டிராயிங் வகுப்பில் சேர்ந்தேன். ஆரம்பப் பள்ளிக்கூடத்தின் கட்டடம். சின்னப்பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருப்போம். தையற்காரர் ஒருவர், நகைக்கடை ஆசாரி ஒருவர், கடியப்பட்டணத்தில் மீன்பிடி வள்ளம் கட்டும் சூசை, நான்.

முதலில் வெறும் கோடுகள்தான். படுத்த கோடு, நின்ற கோடு, சாய்ந்த கோடு. எல்லோருடைய பேப்பரையும் சார் ஒரு கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவார் — தலைகீழாக. தலைகீழாகப் பார்த்தால் போட்டவனுக்கே தன் தப்பு தெரியுமாம். பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வருவார். என்னுடையதைப் பார்த்து “சுமார்” என்பார். எனக்கு அதுவே பெரிய பட்டம்.

தூரத்தை வரையும் பாடம் வந்தபோதுதான் கெட்டது.

சாரிடம் இருந்த புத்தகத்தில் முதல் படமே தண்டவாளம். இரண்டு பக்கமும் ஒரே அளவு இடைவெளியில் ஓடுகிற கம்பிகள் தூரத்தில் ஒரு புள்ளியில் போய்ச் சேருகின்றன. நம் ஊருக்கு இன்னும் ரயில் எங்கே வந்திருக்கிறது? சாரைத் தவிர வகுப்பில் யாரும் தண்டவாளத்தைப் பார்த்ததில்லை. சூசை கடைசி வரைக்கும் சேராத இரண்டு கோடுகளைப் போட்டுக் கொடுத்தான். ஏன் சேர்க்கவில்லை என்று சார் கேட்டதற்கு, “சேந்தா வண்டி கவுந்துராதா சாரே?” என்றான். சார் புத்தகத்தை மூடினார். தெருவைப் பார்த்து வரையலாம் என்றால் கோட்டாற்றுத் தெரு எதுவும் பத்து வீடு தாண்டுவதற்குள் வளைந்துவிடுகிறது. கடைசியில் பள்ளிக்கூட வராந்தாவையே வரையச் சொன்னார். வரிசையாகத் தூண்கள், மேலே நீளமாக ஒரு உத்தரம்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து அளவு எடுக்க வேண்டும். எனக்கு இடது கண்ணை மட்டுமே தனியாக மூட வரும். வலது கண்ணை மூடப் போனால் இரண்டும் சேர்ந்து மூடிக்கொள்ளும். அதனால் இடதை மூடினேன். மூடியதைத் திறக்கவும் இல்லை. அளவு எடுக்கும்போது மூடச் சொன்னார், எப்போது திறக்க வேண்டும் என்று சொல்லவில்லையே! தப்பாகிவிடுமோ என்ற பயத்தில் படம் முடிகிற வரைக்கும் ஒற்றைக் கண்ணோடுதான் வரைந்தேன்.

அந்த வாரம் நான் வரைந்த உத்தரம் நடுவில் திமில் தூக்கி நின்றது. சார் சிவப்புப் பென்சிலால் அந்த இடத்தில் வட்டம் போட்டார். அடுத்த வாரமும் வட்டம் — அதே இடத்தில். அதற்கடுத்த வாரமும். “உத்தரத்துக்குக் கீழே ஒட்டகம் எதும் நிக்கா?” என்று ஆசாரி கேட்டார்.

பென்சிலை மாற்றினேன். பெஞ்சை மாற்றினேன். வீட்டில் வரைந்தால் கோடு நேராக வருகிறது, வகுப்பில் வரைந்தால் கோணுகிறது. சாரைக் கண்ட பயத்தில் கை நடுங்குகிறது என்று முடிவு கட்டினேன். அதற்காகத் தனியாக ஒரு கவலை தொடங்கிற்று.

அந்த நிலையில்தான் சார் என்னை மேசைக்குக் கூப்பிட்டார். மூடிய கண்ணோடேயே எழுந்து போனேன். ஸ்கேல் வைத்த கோடு, குழிந்திருக்கிறது என்ற என் பதில், சிரிப்பு — அதெல்லாம் ஆயிற்று.

“மத்த கண்ணைத் திறந்து பாரும்” என்றார்.

திறந்தேன். கோடு நிமிர்ந்துகொண்டது.

“மூடும்.”

குழிந்தது.

சார் பேப்பரைக் கீழே வைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “எம்புட்டு நாளா வே இப்பிடி?” என்று கேட்டார். தெரியாது என்றேன். சத்தியமாகத் தெரியாது. “இது கையில உள்ள தப்பில்ல. நீரு திருவனந்தபுரத்துக்குப் போயி கண்ணைக் காட்டும்.” அவர் குரலில் அவ்வளவு மரியாதையை அதுவரை கேட்டதில்லை. அதுதான் பயமாக இருந்தது.

போனோம், நானும் வீட்டுக்காரியும். பஸ்ஸில் அவள் சொன்னாள். “கொஞ்ச நாளாவே காப்பியைத் தம்ளருக்கு வெளிய ஊத்துதிய. ஏதோ யோசனையில செய்யுதியோன்னு இருந்துட்டேன்.”

டாக்டர் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து வெகுநேரம் பார்த்தார். வலது கண்ணின் பின்பக்கத்துச் சவ்வு வீங்கியிருக்கிறதாம். கண்ணாடி போட்டுச் சரியாகிற காரியம் இல்லை. சிலருக்குத் தானாக வற்றிவிடும், சிலருக்கு அப்படியே நின்றுவிடும் என்றார். என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டார். இடது கண்? அது இப்போதைக்கு நன்றாக இருக்கிறது என்றார்.

இப்போதைக்கு. அந்த ஒரு வார்த்தையோடுதான் திரும்பி வந்தேன்.

வருவதற்கு முன் ரயில் ஸ்டேஷனுக்குப் போனோம். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, தண்டவாளத்தையாவது பார்த்துவிடலாமே? பிளாட்பாரத்தின் கோடியில் நின்று இரண்டு கண்ணாலும் பார்த்தேன். புத்தகத்தில் இருப்பது போலவே, தூரத்தில் ஒரு புள்ளியில் சேர்ந்திருந்தது. “ரெண்டும் சேருதா?” என்று அவளைக் கேட்டேன்.

“சேருத மாதிரி தெரியுது. சேராது” என்றாள்.

இடது கண்ணை மூடினேன். கம்பிகள் நெளிந்துகொண்டே போயின. சேர வேண்டிய இடத்தில் பெருவிரலில் மையைத் தொட்டு அழுத்தியது போல ஒரு சாம்பல் கறை. புள்ளியைக் காணோம். கண்ணைத் திறந்துகொண்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்றேன்.

கவலைப்படுகிறவனுக்கு உள்ளுக்குள் ஒரு மிதப்பு உண்டு. எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே கவலைப்பட்டாயிற்று, இனி எது வந்தாலும் நமக்குப் புதிதாக இருக்காது என்று. எத்தனை வருஷம், எத்தனை விஷயம்! கிணற்றுக்குக் கவலைப்பட்டேன், தென்னைக்குக் கவலைப்பட்டேன். கண்ணைப் பற்றி ஒரு நாள்கூட நினைத்ததில்லை. ஒரு கண்ணின் குறையை இன்னொரு கண் வாய் திறக்காமல் சுமந்திருக்கிறது. குடும்பங்களில் நடப்பதும் இதுதானே? நன்றாக இருப்பவர் கூடவே நிற்கிற வரைக்கும் நோயாளி யார் என்றே தெரிவதில்லை.

முதலாளியிடம் சொல்லிவிட்டேன். “பாப்போம்” என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் புரூஃப் மேசையில் எனக்குப் பக்கத்தில் புதிதாக ஒருவர் வந்து உட்கார்ந்திருக்கிறார். கெட்டிக்காரர். நான் பார்த்து முடித்த புரூஃபை அவர் மறுபடி ஒருமுறை பார்க்கிறார். எனக்குத் தெரியாதபடி பார்க்கிறாராம்… அது மட்டும் எனக்கு நன்றாகத் தெரிகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் வகுப்புக்குப் போனேன். எனக்குத்தான் வலது கண்ணைத் தனியாக மூட வராதே? சார் தன் கைக்குட்டையை மடித்து என் வலது கண்ணின் மேல் கட்டிவிட்டார். பிள்ளைகள் கண்ணாமூச்சி ஆடுவதற்குக் கட்டுவது போல. ஆசாரி தலையைக் குனிந்து பென்சிலைச் சீவினார். சூசை எழுந்து, வெளிச்சம் விழும் தன் இடத்தை எனக்குக் கொடுத்துவிட்டு என் இடத்தில் போய் உட்கார்ந்தான்.

அதே வராந்தா, அதே உத்தரம். வரைந்து கொடுத்தேன். சார் கயிற்றில் மாட்டினார், தலைகீழாக. சிவப்புப் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நான் வட்டத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்கிறேன்… வட்டம் விழட்டும் என்றே வேண்டிக்கொண்டிருந்தேன்.

“சரியா இருக்கு வே” என்றார். பென்சிலைப் பையில் போட்டுக்கொண்டார்.

நான் அந்த வகுப்பில் வாங்கிய முதல் ‘சரி’ அது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

தப்பு கையில் இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச காலம் நிம்மதியாகத் திட்டு வாங்கிக்கொண்டிருப்பேன்.