குரோய்டனில் தடுத்துவைக்கப்பட்ட பிரெஞ்சுக்காரர்

அச்சிட்ட நூல்களுக்கு ஐக்கிய இராச்சியத்தில் இறக்குமதித் தீர்வை கிடையாது. பெறுமதி சேர் வரியும் கிடையாது. ஊகத்தில் சொல்லவில்லை. கொழும்புச் சுங்கத்தில் முப்பத்துநான்கு வருடம் இருந்து, அதில் பாதியை மதிப்பீட்டுப் பிரிவில் கழித்து ஓய்வுபெற்றவன் நான். அவர்களுடைய தீர்வைப் பட்டியலில் நூல்களுக்குரிய இலக்கத்தைக் குறித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன். அப்படியிருந்தும் ஒன்பது கிலோ புத்தகத்தை மீட்க லண்டனில் பத்து நாள் அலைந்தேன்.

2009 நவம்பர் 3, செவ்வாய். பிற்பகல் இரண்டரைக்கு ஹீத்ரோவில் இறங்கினேன். பயணத்தின் நோக்கம் என்னவென்று குடிவரவு அதிகாரி கேட்டார். புத்தக வெளியீடு என்றேன். இப்படி ஒரு பொய்யை இதற்குமுன் கேட்டதில்லை என்பதுபோலப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். நிலக்கீழ் ரயில், பிறகு மேல் ரயில் என்று மனோர் பார்க் போய்ச்சேர இரண்டு மணி நேரம் எடுத்தது. நிலையத்திலிருந்து ஏழு நிமிட நடையில் யேசுதாசன் வீடு.

யேசுதாசன் மன்னார்க்காரர். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவர். பாரிஸில் இருபத்திரண்டு வருடம் உணவகச் சமையலறைகளில் நின்றார். ஐந்து வருடம் முன்பு மனைவி பிலோமினாவோடு இங்கே வந்தார். பாரிஸில் அவர் சம்பாதித்தவற்றுள் நல்ல பிரெஞ்சும் ஒன்று. அந்தப் பிரெஞ்சை வைத்து, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பொருளியலாளர் ஒருவரின் கட்டுரைகளை எட்டு வருடமாகத் தமிழாக்கினார். அந்த மனிதரின் பெயர் எங்கள் வாயில் சரியாக வராததால், நாங்கள் அவரைப் 'பிரெஞ்சுக்காரர்' என்றே சொல்லிக்கொள்வோம். சுங்கவேலி எந்த நாட்டையும் பணக்கார நாடாக்காது, விற்பவனைக் காக்கிறோம் என்று சொல்லி வாங்குபவனின் மடியில் கைவைக்கிறது என்று வாழ்நாளெல்லாம் வாதாடியவர். அந்த நூலுக்குப் பிழை திருத்தியவன், வாழ்நாளெல்லாம் தீர்வை அறவிட்ட நான். கொழும்பில் அச்சிடுவித்து, பார்சலில் அனுப்பச் செய்ததும் நானே.

யேசுதாசனுக்கு இடது கண் போய்விட்டது. வலது கண்ணுக்கு நவம்பர் 16 சத்திரசிகிச்சை. இருக்கிற பார்வையும் போகலாம் என்று வைத்தியர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். அதற்குள் அச்சான தன் புத்தகத்தைத் தானே ஒருமுறை வாசித்துவிட வேண்டும் என்றுதான் அவர் காத்திருந்தார்.

புத்தகம் வரவில்லை. ஒரு அட்டை வந்திருந்தது. உங்கள் பொதி குரோய்டனுக்கு அப்பாலுள்ள கிடங்கில் இருக்கிறது, இருபத்திரண்டு பவுண் வரியும் கட்டணமும் செலுத்திப் பெற்றுக்கொள்ளவும்.

"சுங்கத்தைத் திட்டி எழுதின புத்தகத்தைச் சுங்கம் பிடிக்காமல் வேற ஆர் பிடிக்கிறது?" என்றார் பிலோமினா.

"கட்டிப்போட்டு எடுப்பம் ஐசே," என்றார் யேசுதாசன். "ஒரு கொப்பியை எண்டாலும் கைப்பையில கொண்டுவந்திருக்கலாமே நீர்."

கொண்டுவந்திருக்கலாம்தான். ஆனால் அச்சகம் அதுவரை கட்டி முடித்த அறுபதும் நேரே தபாலுக்குப் போயிருந்தன. நானும் புத்தகத்தைப் பார்க்கவில்லை.

"ஒரு சதமும் கட்டேலாது," என்றேன். "சட்டத்தில இல்லாத வரி. நாளைக்கில்லை, நாளையிண்டைக்குப் போய் எடுத்துக்கொண்டு வாறன்."

நவம்பர் 5, வியாழன். ஏழரைப் பவுணுக்குப் பகல்நேரப் பயணச்சீட்டு. காலை ஒன்பதரைக்கு முன் அது செல்லாது என்பதால் நிலையத்தில் இருபது நிமிடம் நின்றேன். லிவர்பூல் ஸ்ட்ரீட் வரை ரயில், லண்டன் பிரிட்ஜ் வரை பஸ், கிழக்குக் குரோய்டன் வரை மறுபடி ரயில், அங்கிருந்து டிராம். ரயிலில் எதிரே இருந்த நம்மவர் ஒருவர் எங்கே போகிறேன் என்று விசாரித்தார். அகதி விண்ணப்பங்களை விசாரிக்கும் குடிவரவு அலுவலகம் இருக்கிற ஊர் அது. குரோய்டன் என்றதும் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணை, கேஸ் என்ன மாதிரி?"

"என்ர கேஸ் இல்லை. ஒரு புத்தகத்தின்ர கேஸ்."

"அதுக்கும் இப்ப அங்கதானோ?" என்று கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

கிடங்கின் கருமபீடத்தில் இருந்தவர் பிஸ்கற்றைத் தேநீரில் தோய்த்துக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டார். பட்டியல் இலக்கத்தைக் காட்டினேன். அவர் காட்டியது சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலை. முதலில் கட்டுங்கள், பிறகு எழுதிக் கேளுங்கள். இதே வாக்கியத்தைக் கொழும்பில் எத்தனை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பேன். கருமபீடத்தின் மறுபக்கத்தில் நின்று கேட்கும்போது அது வேறு பாஷைபோல இருந்தது. கட்டாமல் திரும்பினேன்.

மறுநாள் மூன்று பக்கக் கடிதம் எழுதினேன். பிரிவு, உபபிரிவு எல்லாம் குறிப்பிட்டு, பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதில் முகவரிக்கு யேசுதாசன் வீட்டைக் கொடுத்தேன்.

நவம்பர் 10, செவ்வாய். மறுபடியும் போனேன். அன்று பயிற்சி வகுப்பு என்று நண்பகலோடு கருமபீடம் மூடியிருந்தது. நான் போனபோது பன்னிரண்டு பத்து. கதவுக்கு வெளியே நின்று, கடிதங்களுக்கு இருபது வேலை நாட்களில் பதில் தரப்படும் என்ற இன்னொரு அறிவித்தலை முழுவதும் வாசித்துவிட்டு வந்தேன். வாசிக்க எனக்குக் கண் இருந்தது.

நவம்பர் 12, வியாழன். காலையில் யேசுதாசன் எனக்குத் தேநீர் ஊற்றினார். கோப்பைக்கு வெளியே ஊற்றினார். மேசையிலிருந்து என் காலில் சொட்டும்வரை அவருக்குத் தெரியவில்லை.

"உம்மட சட்டம் சரி ஐசே," என்றார். "ஆனா எனக்குத் திங்கக்கிழமை."

நான் சப்பாத்தைப் போட்டேன்.

அன்று கருமபீடத்தில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். ஆங்கிலத்தில் மூன்றாம் முறையாக என் வழக்கை எடுத்துரைத்தேன். அவர் உள்ளே போய்ப் பொதியோடு ஒட்டியிருந்த சுங்கப் படிவத்தைக் கொண்டுவந்து வைத்து, என் பக்கம் திருப்பினார். பொருளின் விவரம் என்ற இடத்தில், வடிவான கையெழுத்தில், அறுபது அப்பியாசக் கொப்பிகள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. எழுதாத வெற்றுக் கொப்பிக்கு வரி உண்டு. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

"அச்சகத்துக்கு நீங்கள்தானே சொன்னனீங்கள், அங்கிள்?" திடீரென்று தமிழில் கேட்டார். "என்னெண்டு சொன்னனீங்கள்?"

"அறுபது கொப்பி அனுப்பச் சொன்னன்."

"அதுதான். எங்கட ஆக்களுக்குக் கொப்பி எண்டால் பள்ளிக்கூடக் கொப்பி." சிரிக்காமல் இருக்க முயன்றார். "படிவம் நிரப்பின அச்சகப் பிள்ளை சரியாத்தான் எழுதியிருக்குது."

தொலைபேசியில் சொன்னது நினைவுக்கு வந்தது. பிரதி என்று சொல்லியிருக்கலாம். புத்தகம் என்று சொல்லியிருக்கலாம். விவரம் தவறாக எழுதிய எத்தனையோ இறக்குமதியாளர்களை நான் நிற்கவைத்து வகுப்பெடுத்திருக்கிறேன்.

"உடைச்சுப் பாத்துத் திருத்தேலாதோ?"

"ஏலும். அதுக்கு ஒரு படிவம் இருக்கு. மூண்டு கிழமை."

இருபத்திரண்டு பவுணைக் கட்டினேன். பற்றுச்சீட்டு வேண்டாம் என்று வாழ்க்கையில் முதல்முறையாகச் சொன்னேன். ஒன்பது கிலோவையும் டிராமிலும் இரண்டு ரயிலிலும் பஸ்ஸிலும் சுமந்துகொண்டு மூன்றரைக்கு மனோர் பார்க் வந்தேன்.

யேசுதாசன் யன்னலோரம் இருந்து, மூக்கு தாளில் முட்ட வாசித்தார். சனிக்கிழமை வெம்பிளி மண்டபத்தில் நடந்த வெளியீட்டில், நாற்பது பேருக்கு நடுவிலும் மேடையிலிருந்தபடி வாசித்தார். ஞாயிறு மாலை முடித்தார்.

"முப்பத்தோராம் பக்கத்தில ஒரு பிழை," என்றார். "தீர்வை எண்டு வரவேண்டிய இடத்தில தீர்வு எண்டு கிடக்கு. ஒரு நாடு முன்னேற எல்லாத் தீர்வுகளையும் ஒழிக்கவேணும் எண்டு பிரெஞ்சுக்காரர் சொல்லுறார். ஆர் ஐசே பிழை திருத்தினது?"

திங்கட்கிழமை சத்திரசிகிச்சை அறை வாசலில் நானும் பிலோமினாவும் அவருக்கு விடைகொடுத்து அனுப்பினோம். நவம்பர் 19 நான் விமானம் ஏறியபோதும் அவர் கண்ணில் கட்டு இருந்தது. கட்டு அவிழ்த்த பிறகும் எதுவும் சொல்லமுடியாது என்று பிலோமினா பிறகு தொலைபேசியில் சொன்னார். மேலும் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

ஒரு மாலை யேசுதாசனே அழைத்தார்.

"உம்மட கடிதத்துக்குப் பதில் வந்திருக்கு ஐசே. பொறும், வாசிக்கிறன்."

ஒவ்வொரு சொல்லாக, நின்று நின்று வாசித்தார். அனுப்பியவரே அப்பியாசக் கொப்பிகள் என்று அறிவித்திருப்பதால் வரி அறவிட்டது முறையானது. கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.

"பிலோமினா பக்கத்தில இருந்து சொல்லித்தாறாவோ?" என்று கேட்டேன்.

"அவ கடைக்குப் போட்டா. குறுக்கால கதையாதையும், வரி தவறிப்போகும்."

கையொப்பத்துக்குக் கீழே இருந்த பொடி எழுத்துகளையும் ஒன்றுவிடாமல் வாசித்து முடித்தார். அன்று 2009 டிசம்பர் 29, செவ்வாய்க்கிழமை.