போன தடவை சொன்ன பதில்

ஓர் ஆய்வுக்காக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதே ஆட்களைத் தேடிப்போய், படிப்பு, வேலை, குடும்பம் பற்றி அதே கேள்விகளைக் கேட்பதுதான் என் வேலை. போன தடவை சொன்ன பதிலைப் படித்துக் காட்டி, ஏதாவது மாறியிருக்கிறதா என்று கேட்க வேண்டும். ஆளைத் தனியாக வைத்துத்தான் கேட்க வேண்டும் என்பது முதல் விதி.

ஹெப்பகோடியில் ஒரு பெண்ணைப் பள்ளிக்கூட யூனிஃபார்ம் போட்ட நாளிலிருந்து எனக்குத் தெரியும். இந்தத் தடவை கல்யாணமாகி வேறு வீட்டில் இருந்தாள். கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தார். கொஞ்சம் வெளியே இருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். இன்னும் மூன்று வீடு பாக்கி என்ற அவசரத்தில் அதைச் சொல்லாமல் விடும் மடத்தனத்தைச் செய்தேன். டேப்லெட்டைப் பார்த்துக் கடகடவென்று படித்தேன்.

"பி.காம் ரெண்டாவது வருஷத்தோட நிறுத்திட்டேன்னு போன தடவை சொல்லியிருக்கீங்க. அதுக்கப்புறம்..."

அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

"டிகிரி முடிச்சிட்டேன்னு தானே சொன்னே?" என்றார் கணவர்.

"அக்கா, அது தப்பா ஏறியிருக்கு," என்றாள் அவள்.

"ஆமா, என் தப்புதான்," என்று சொல்லி, டிகிரி முடித்தவர் என்று மாற்றினேன். இத்தனை வருடத்தில் தெரிந்தே நான் பதிந்த முதல் பொய். அவர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிக் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: அடுத்த தடவையும் வரலாமா?

அவள் வாயைத் திறக்குமுன் அவர் சொன்னார்: "தாராளமா வாங்க மேடம். இன்னும் என்னென்ன சொல்லியிருக்கான்னு நானும் கேக்கணும்."