பஸ் சக்கரத்தில் வைத்த எலுமிச்சம்பழம்

கருப்பணார் அடியார்களுக்கு வணக்கம். நான் நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்து ஊர். கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். போன மாசியில், வெளிநாட்டில் பாஸ்போர்ட்டைத் தொலைத்துவிட்டு நான் அழுத அழுகை இன்றும் மறக்கவில்லை.

எங்கள் வகுப்பு மலேசியா போயிருந்தது. அன்று கடைசி நாள். பகலெல்லாம் கோலாலம்பூரைச் சுற்றிப் பார்த்துவிட்டு மாலையில் விமானம் ஏற வேண்டும்.

என் அப்பா லாரி ஓட்டுகிறார். சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைக்காமல் எங்கள் வீட்டு வாசலிலிருந்து வண்டி நகர்ந்ததே இல்லை. அம்மா பாஸ்போர்ட்டை ஒரு மஞ்சள் பையில் போட்டு, கருப்பணார் கோவில் எலுமிச்சம்பழத்தையும் குங்குமத்தையும் கூடவே வைத்திருந்தார். அப்பா தன் பங்குக்கு, லாரிக் கதவில் எழுதுவது போல ஊர் பெயரையும் தன் செல் நம்பரையும் பையில் பெயிண்டால் எழுதிவிட்டார். எனக்கு மானம் போயிற்று. எழுத்துப் பக்கத்தை உள்பக்கமாகத் திருப்பித்தான் நாலு நாளும் மாட்டியிருந்தேன்.

அன்று காலை ஹோட்டலுக்கு எதிரே புது பஸ் வந்து நின்றது. நெற்றியில் பொட்டில்லாத வண்டி. எனக்கு மனசு கேட்கவில்லை. தோழிகள் பார்த்தால் சிரிப்பார்கள் என்று பின்பக்கமாகப் போய், பையைத் தரையில் வைத்துவிட்டு, பழத்தில் குங்குமம் தடவிச் சக்கரத்தடியில் வைத்தேன். அதற்குள் டிரைவர் ஹாரன் அடித்தார். ஓடிப்போய் ஏறிக்கொண்டேன். பை தரையிலேயே கிடந்தது.

இரட்டைக் கோபுரத்தின் முன்னால் பத்து போட்டோ எடுத்தபோதும் தெரியவில்லை. பத்துமலை முருகன் கோவில் படியில் கால் வைக்கும்போதுதான் தோள் லேசாக இருப்பது உறைத்தது. உயிரே போய்விட்டது. எங்கள் சார் என்னைவிட அதிகமாக வேர்த்தார். "எங்கம்மா வெச்ச?" என்று கேட்டபோது, "ஞாபகம் இல்லைங்க சார்" என்று பொய் சொன்னேன். அந்த நிலைமையிலும் வெட்கம் விடவில்லை, பாருங்கள்.

முருகன் காலடியில் நின்றுகொண்டு கருப்பணாரைத்தான் கூப்பிட்டேன். முருகன் கோபித்துக்கொள்ளவில்லை. "அப்பனே, நான் பைத்தியக்காரி. உன் பழத்தை ஒளித்து ஒளித்து வைத்தேன். என்னை ஊர் சேர்த்துவிடு" என்று அழுதேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லோர் முன்னாலும் சாரிடம் உண்மையைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

ஹோட்டலுக்குத் திரும்பலாம் என்று சார் சொல்லும்போதே அவர் போன் அடித்தது. லாரியோடு நாக்பூர் பக்கம் போயிருந்த அப்பா!

"சார், பாப்பாவோட மஞ்சப்பை ஒரு அம்மாகிட்ட பத்திரமா இருக்குதுங்க. எனக்குக் கூப்பிட்டுச் சொன்னாங்க."

நான் போனை வாங்கித் தேம்பினேன்.

"ஏஞ் சாமி அழுவற? பழம் நசுங்குச்சா?"

"நசுங்குச்சுங்கப்பா."

"அப்பறம் என்ன சாமி? நல்லபடியா ஊடு வந்து சேரு."

பையை எடுத்து வைத்தவர் அந்தத் தெருவைக் கூட்டும் ஒரு தமிழ் அம்மா. பையைக் கொடுத்தபடி அவர் சொன்னார்: "குப்பைன்னு தள்ளியிருப்பேம்மா. பக்கத்துல எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்துச்சு. நம்ம ஆளுங்க வேலைன்னு நின்னு பார்த்தேன்." அவர் காலில் விழுந்தேன். என் கண்ணுக்கு அவர் கருப்பணாராகவே தெரிந்தார்.

ஊருக்கு வந்ததும் கருப்பணாருக்குப் பொங்கல் வைத்தோம். அதே பைதான் இப்போது கல்லூரிக்கும். எழுத்துப் பக்கம் வெளியே தெரியத்தான் மாட்டுகிறேன். அப்பா என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால், லாரி ஓட்டுகிறார் என்று மறைக்காமல் சொல்கிறேன்.

நீங்களும் எங்கே போனாலும் அவரை நம்பிப் போங்கள். சக்கரத்தில் பழம் வையுங்கள். பையை மட்டும் கீழே வைக்காதீர்கள். மறந்து வைத்துவிட்டீர்களா? வெட்கப்படாமல் கூப்பிடுங்கள். கடல் தாண்டியும் அவருக்குக் காது கேட்கும்.