பிரிட்ஜைத் தூக்கியவர்

மலேசியாவில், கோத்தா திங்கியிலிருந்து பாசிர் கூடாங் போகும் தொழிற்சாலை பஸ்ஸில் இரண்டு ஆண்டுகள் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்து போனேன். நரைத்த மீசை, மடிப்புக் கலையாத சட்டை. பஸ் கிளம்பியதும் தூங்கிவிடுவார். தூக்கத்திலேயே இரண்டு கைகளும் எதையோ கனமாகத் தூக்குவதுபோல் மேலே எழும்பும்.

ஒருநாள் காலை அலறியபடி விழித்தார். என்னவென்று கேட்டேன்.

"வீட்டுக்குள்ள வெள்ளம் தம்பி. நான் பிரிட்ஜத் தூக்கிக்கிட்டு மேட்டுக்கு ஓடுறேன். திரும்பிப் பாத்தா, மக வாசல்லயே நிக்கிது. எப்பவும் இதே கனவுதான்."

"ஆத்துல தண்ணி ஏறி எவ்ளோ நாளாச்சு! ஏண்ணே பயப்படுறீங்க?"

"வெள்ளத்துக்கு யாரு பயப்படுறா லா? அந்த பிரிட்ஜ் ஓவர்டைம் செஞ்சு வாங்குனது. நான் வீட்டுக்குப் போறப்ப மக தூங்கிரும். காலைல கெளம்புறப்பவும் தூங்கிக்கிட்டுதான் இருக்கும்."

அன்று மதியம் ஓவர்டைமுக்குப் பெயர் எழுதும் தாள் வந்தது. வழக்கம்போல் முதல் பெயர் அவருடையதுதான். கல்யாணமாகாத எனக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது.

இப்போது அவர் எங்கே இருக்கிறாரோ தெரியவில்லை. எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். அவரைப் பார்த்தால் ஒன்று சொல்ல வேண்டும்.

"அண்ணே, நான் தூக்கிக்கிட்டு ஓடுறது வாஷிங் மெஷினு."