உமி மூடிய பனிக்கட்டி

காலை ஒன்பது பத்து. முதலில் கண்ணில் பட்டது பள்ளி வாசலில் வரிசையாகக் கழற்றி விடப்பட்டிருந்த பூட்ஸ்கள். நார்வேயின் இந்த வடகோடி ஊரில் பள்ளிக்கூடத்துக்குள் ஆசிரியர், விஞ்ஞானி, மேயர் எல்லோரும் காலுறையோடுதான் நடக்கிறார்கள். வந்து ஆறு வருஷமாகியும் எனக்கு இது கோயிலுக்குள் நுழைவதுபோலவே இருக்கிறது. உள்ளே சாமி கிடையாது. அன்று கண்காட்சிக்காகச் சுவர் நிறைய ஓவியங்கள் இருந்தன. நடுவில், கண்ணாடிச் சட்டத்துக்குள், கயல்விழியின் படம்.

துருவப் பனியை ஆராய்பவர்களும் பள்ளி ஆசிரியர்களும் சேர்ந்து நடத்தும் திட்டம் இது. பனி உருகுவதைப் பற்றி விஞ்ஞானிகள் சொல்வார்கள். பிள்ளைகள் அதைத் தங்கள் ஊரில் வைத்து வரைய வேண்டும். தஞ்சாவூரில் நிருபராக இருந்துவிட்டு இங்கே மொழிபெயர்த்துப் பிழைக்கும் நான், மயிலாடுதுறைக்குக் கிழக்கே ஒரு கடலோரப் பள்ளியையும் இதில் சேர்த்துவிட்டேன். பெருமையாகத்தான் இருந்தது. படங்கள் தயாரானதும் வீடியோ அழைப்பில் அந்தப் பள்ளி டீச்சர் சிரித்தார். "பனிக்கட்டின்னதும் ஒருத்தன் குச்சி ஐஸ் வரைஞ்சு வச்சிருக்கான் சார். சேப்புக் கலரு கூட விடல." ஏழாம் வகுப்புக் கயல்விழி வரைந்திருந்தது பழுப்பு நிறத்தில் ஒரு பாளம், பக்கத்தில் லுங்கி கட்டிய ஓர் ஆள். "ஏம்மா பழுப்பு?" என்று திரையில் நின்ற அவளிடம் கேட்டேன். "உமி சார். உருகாம இருக்க மேல உமி போடாம வெறும் ஐஸ எவன் வண்டியில ஏத்துவான்? பனி டீச்சருக்கு இது கூடத் தெரியாதா?" அந்த ஆள் அவள் அப்பா. ஐஸ் ஃபேக்டரியிலிருந்து படகுத்துறைக்கு வண்டி ஓட்டுகிறார். "முன்னல்லாம் கட்டி முழுசாப் போய்ச் சேரும் சார். இப்ப அடிக்கிற வெயில்ல பாதி வழியிலயே சுருங்கிடுது. அப்பாதான் வழியில ஒடைச்சு வித்துட்டாருன்னு படகுக்காரங்க திட்டுறாங்க. வெயிலுதான் திருடுதுன்னு காட்டத்தான் வரைஞ்சேன்."

பனி டீச்சர் என்று அவள் சொன்ன இங்ரிட், பனிப்பாளங்களைத் துளைத்துப் படிக்கும் விஞ்ஞானி. படத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "புகைக்கரி படிந்து வேகமாக உருகும் பனி. அந்தப் பெண்ணுக்குப் புரிந்திருக்கிறது." அது கரியில்லை, உமி என்றேன். உமி என்றால் என்ன என்று கேட்டார். நெல்லின் தோல் என்றேன். "அதை நீங்கள் எரிப்பீர்கள் இல்லையா?" என்று அக்கறையோடு கேட்டார். எரிப்பதும் உண்டு என்றேன். நிருபர் புத்தி, கேட்ட கேள்விக்கு மட்டும் சரியான பதில். அவர் தலையசைத்துக் குறித்துக்கொண்டார். அப்பாவின் கதையைச் சொன்னபோது, அழகாக இருக்கிறது, ஆனால் படத்தின் கீழே குறிப்புக்கு ஒரு வரிதான் இடம் என்றார். இந்தத் திட்டத்தில் என் மொழிபெயர்ப்பு ஒப்பந்தம் அந்த மாதம் புதுப்பிக்கப்பட வேண்டியிருந்தது. சரி என்றேன். தஞ்சாவூரில் படக்குறிப்பு தப்பாகிவிட்டால் மறுநாள் ஒரு மூலையிலாவது திருத்தம் போடுவோம். கண்காட்சிக்கு மறுநாள் பதிப்பு கிடையாது.

சட்டத்தின் கீழே நார்வேஜிய மொழியிலும் தமிழிலும் அந்த ஒரு வரி இருந்தது: 'பனியைக் கறைப்படுத்தும் மனிதன்.' குழந்தைகள் காலுறையோடு வந்து நின்று, லுங்கி கட்டிய ஆளைப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். ஃபோனில் கயல்விழியின் குரல் செய்தி கிடந்தது. "சார், எங்கப்பா திருடலைன்னு கீழ எழுதிட்டாங்களா? ஃபோட்டோ அனுப்புங்க. படகுத்துறையில காட்டணும்." படம் மட்டும் வரும்படி நெருங்கி நின்று எடுத்து அனுப்பினேன்.

குறிப்பின் தமிழ் வரி நான் எழுதியது.