முழங்காலுக்குள் ஒரு மடிப்பு

என் ஓரகத்தி தையற்காரி. பள்ளிக்கூடப் பெண்களின் மடிப்புப் பாவாடை என்றால் இந்த வட்டாரத்தில் அவளை விட்டால் ஆளில்லை. முப்பது வருடமாகக் கால்மிதி மெஷின்தான். மோட்டார் போட்டுக்கொள் என்று வீட்டில் எல்லாரும் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். மோட்டார் தன் கையை முந்திக்கொண்டு ஓடும் என்பாள்.

போன வருடம் பள்ளிக்கூடம் திறக்க இரண்டு மாதம் இருக்கும்போது மெஷினிலிருந்து 'டக் டக்' என்று ஒரு சத்தம். மெக்கானிக் வந்து எண்ணெய் விட்டான். போகவில்லை. பெல்ட்டை மாற்றினான். அப்போதும் போகவில்லை. மூன்றாவது தடவை மெஷினையே அக்கக்காகக் கழற்றிப் பாய்மேல் பரப்பிவிட்டான். இவள் ஊசி டப்பாவை எடுக்க எழுந்தாள். 'டக்'.

"அக்கா, ரிப்பேர் மெஷின்ல இல்ல. உங்க முழங்கால்ல," என்றான்.

வலி இருந்திருக்கிறது. மூச்சு விட்டாளா? நான்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, மூட்டின் உட்புறச் சவ்வில் ஒரு மடிப்பு இருக்கிறது, பிறக்கும்போதே நிறையப் பேருக்கு இருப்பதுதான், மிதித்து மிதித்து உரசி வீங்கிவிட்டது என்றார். அதற்கு லத்தீனில் பிளிக்கா என்று பெயராம். மடிப்பு என்றுதான் அர்த்தமாம். குடலுக்குள் இருக்கும் மடிப்பும் பிளிக்கா, தொண்டையில் குரல் வருகிற மடிப்பும் பிளிக்கா. ஒரு காலத்தில் சிக்குப் பிடித்துச் சடையாகிப்போன தலைமுடிக்கும் அதே பெயர்தானாம்.

இவளுக்குப் பொறுக்கவில்லை. பெட்டி மடிப்பு வேறு, கத்தி மடிப்பு வேறு, சுருக்கு வேறு, எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்தால் வாடிக்கைக்காரர் துணியை மூஞ்சியில் எறிவார்கள் என்று அவருக்கே பாடம் எடுத்தாள். அவர் சிரித்துவிட்டார். பிறகு ஆறு வாரம் மெஷின் மிதிக்கவே கூடாது என்றார். இவள் முகம் செத்துவிட்டது. நூற்றிருபது பாவாடை ஒப்புக்கொண்டிருந்தாள். தவறினால் அந்தப் பள்ளிக்கூடம் ரெடிமேட் கடைக்காரனிடம் போய்விடும், திரும்பி வராது.

"அதிகமா இருக்கற மடிப்புதானே. வெட்டி விட்ருங்க டாக்டர்."

"வெட்ற அளவுக்கு ஒண்ணுமில்லம்மா. மிதிக்காம இருந்தாலே அடங்கிடும்."

வீட்டுக்கு வந்ததும் நான் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மெக்கானிக்கைக் கூப்பிட்டு மோட்டாரை மாட்டச் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். மூன்றாம் நாள் வலிக்கிற காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து மோட்டார் பெடலைப் பாதத்தால் லேசாக அமுக்கினாள். மெஷின் பிய்த்துக்கொண்டு ஓடியது, மடிப்பு பாம்பாக நெளிந்தது. பிரித்தாள். மறுபடி தைத்தாள், மறுபடி பிரித்தாள். அந்த வாரம் எங்கள் இரண்டு வீட்டிலும் மடிப்பில்லாத பழைய படுக்கை விரிப்பே இல்லை. என் மகன் பாவாடைமேல் படுத்திருக்கிறேன் என்று புலம்பினான். எட்டாம் நாள்தான் பள்ளிக்கூடத்துத் துணியைத் தொட்டாள்.

பள்ளி திறக்க நான்கு நாள் முன்னதாகவே நூற்றிருபதும் போய்ச் சேர்ந்தன. மறுநாள் டாக்டர் முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்தார். வீக்கம் வற்றிவிட்டது, இனி கொஞ்சம் கொஞ்சமாக மிதிக்கலாம் என்றார்.

இவள் என்னைப் பார்த்தாள்.

"மிதிக்கறதா? யாருக்குக்கா அவ்ளோ நேரம் இருக்கு?" என்றாள்.